டீம் லீடர் ஆன பிறகு வரும் சந்தேகங்கள்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2002-ல் சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்தேன். முதல் ஏழு வருடம் பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அப்புறம் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். நாலு பேர் டீமில் தொடங்கி இப்போது முப்பது பேரைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனாலோ தமிழ்ச் சங்கத்துக்குப் போனாலோ, புதிதாக லீட் ஆன நம் பிள்ளைகள் யாராவது வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைப் பத்து பேருக்கு அனுப்பியிருப்பேன். அதனால் எல்லாவற்றையும் இங்கே ஓரிடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

பல பதில்களில் ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட சேதி உங்கள் காதுக்குச் சீக்கிரம் வந்து சேர வேண்டும். டீமோடு நீங்கள் பேசுவது, கோபப்படுவது, லீவு கொடுப்பது எல்லாமே அந்த வழியை அகலமாக்கும் அல்லது அடைத்துவிடும். நல்ல லீடர் என்று நான் மதித்த ஒவ்வொருவரிடமும் இந்த வழி திறந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. அக்கா, என்னை லீட் ஆக்கிட்டாங்க. முதல் வாரம் என்ன செய்யணும்?

எதையும் மாற்றாதீர்கள். வந்த முதல் நாளே மீட்டிங் நேரத்தை மாற்றினால், 'இவர் நம்மைக் கேட்பதற்கு முன்பே முடிவு எடுத்துவிட்டார்' என்றுதான் டீமுக்குத் தோன்றும். அந்த வாரம் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் தனியாக உட்காருங்கள். வேலையில் எது முட்டுக்கட்டை, நான் தொடவே கூடாதது எது, முன்பிருந்த லீடிடம் கேட்டும் கிடைக்காதது எது என்று மூன்றைக் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதில் சின்னதாக ஒன்றை அந்த வாரமே முடித்துக் கொடுங்கள். பீன்யாவில் நான் பொறுப்பேற்றபோது ஆறு லேத்துக்கும் சேர்த்து ஒழுங்காக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றுதான் இருந்தது. ஒருவர் அளந்து முடிக்கும் வரை அடுத்தவர் எண்ணெய்க் கையோடு பக்கத்தில் நிற்பார். சிலர் நிற்கப் பொறுமையில்லாமல் அளக்காமலே அடுத்த பீஸை மாட்டிவிடுவார்கள். எஸ்.பி. ரோட்டுக்குப் போய் இன்னும் இரண்டு காலிப்பர் வாங்கி வந்தேன். அடுத்த நாளிலிருந்து, "மேடம், இன்னொன்னும் சொல்லணும்" என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

2. தனியா உக்காந்து பேசுங்கன்னு சொல்றீங்க. ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுடுது. என்னத்தப் பேசறது?

"எல்லாம் ஓகேயா?" என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு "ஓகே" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. "இந்த வாரம் எது இழுத்துக்கிட்டே இருக்கு?", "யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்பதைத் தினசரி மீட்டிங்கிலேயே தெரிந்துகொள்ளலாம், அதை இங்கே கொண்டுவர வேண்டாம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உண்மையான விஷயம் வரும்.

மீட்டிங் ரூமில் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தால் இண்டர்வியூ மாதிரி ஆகிவிடுகிறது. நான் பெரும்பாலும் கீழே இருக்கும் தர்ஷினிக்குத்தான், அதாவது நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஓட்டலுக்குத்தான், கூட்டிப் போவேன். ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரும் பை-டூ காபி வாங்கி, நின்றுகொண்டே குடிக்கும் அந்த உயரமான மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். இருவர் பார்வையும் தெருவில் இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அப்படி நிற்கும்போது சொல்லிவிடுகிறார்கள். "என் கோட் ரிவ்யூவை அவர் மூணு நாளா திறக்கவே இல்லை" என்பதிலிருந்து "அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்காங்க" என்பது வரை அந்த மேஜையில்தான் கேட்டிருக்கிறேன். வெளியே வரத் தயங்குபவர்களும் உண்டு, இடத்தை அவர்களே சொல்லட்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் குறித்த நேரத்தை ரத்து செய்யாதீர்கள். கிளையன்ட் கால் வந்துவிட்டால் அன்றைக்கே வேறு நேரம் கொடுங்கள். மூன்று தடவை ரத்தானால், நாலாவது தடவை அவர்களிடம் சொல்ல எதுவும் இருக்காது.

3. மீட்டிங்ல "யாருக்காவது டவுட் இருக்கா"ன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. அப்புறம் ரிலீஸ் அன்னிக்குப் பிரச்சனை வெடிக்குது.

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் இறங்க வேண்டிய யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று, சக்கரத்தில் கோளாறு என்று வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்தின் மேல். எரிபொருள் குறைந்துகொண்டே வருவது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். பேச்சோடு பேச்சாகச் சொல்லவும் செய்தார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விமானிகளின் பயிற்சியே மாறியது. கீழே இருப்பவர் அழுத்திச் சொல்லவும், கேப்டன் காது கொடுக்கவும் தனியாகப் பழக்குகிறார்கள்.

பிடதியில் 1999 முதல் கார் தயாரிக்கிறதே டொயோட்டா, அந்த நிறுவனம் ஜப்பானில் உருவாக்கிய உற்பத்தி முறையில் ஆண்டான் என்று ஒன்று உண்டு. அசெம்பிளி லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், ஏதோ சரியில்லை என்று தோன்றினால் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் அந்த இடத்துக்கு ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நின்றுவிடும். இழுத்தவரை "ஏன் நிறுத்தினாய்?" என்று திட்டினால் அடுத்த நாள் முதல் அந்தக் கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அந்த முறையின் உயிரே லீடர் ஓடி வருவதில் இருக்கிறது.

உங்கள் மீட்டிங்குக்கு வருவோம். இருப்பவர்களில் ஜூனியர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் கருத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவதோடு சரி. "டவுட் இருக்கா?" என்பதற்குப் பதில், "இது தப்பாப் போனா எந்த இடத்துல போகும்?" என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் கெட்ட சேதி வரும்போது உங்கள் முகம். புருவம் சுருங்கியதைக்கூட டீம் முழுக்கப் பார்க்கும். "நல்லவேளை இன்னிக்கே சொன்னீங்க. சரி, இப்ப என்ன வழி?" இந்த இரண்டு வாக்கியத்தைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் தானாக வர வேண்டும்.

4. வேலையைப் பிரிச்சுக் குடுக்கச் சொல்றாங்க. நானே செஞ்சா அரைமணி நேரம். கத்துக்குடுத்தா ரெண்டு நாள். எது லாபம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் அரைமணி என்றால் வருடத்துக்கு 26 மணி நேரம். கற்றுக்கொடுக்க இரண்டு நாள் என்றால் 16 மணி நேரம். முதல் வருடமே மிச்சம்தான். நீங்கள் லீவு போடும் நாளில் வேலை நிற்காமல் நடப்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

கொடுக்கும்போது நாலு விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்: கடைசியில் கையில் என்ன இருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், எதுவரை அவரே முடிவு எடுக்கலாம், எது நடந்தால் உடனே உங்களிடம் வர வேண்டும். பாதி தவறுகள் அந்த நாலாவதைச் சொல்லாமல் விடுவதால் வருபவை. கொடுத்த பிறகு ராத்திரி உட்கார்ந்து நீங்களே அதைத் திருத்தி எழுதாதீர்கள். காலையில் தன் வேலை மாறியிருப்பதைப் பார்ப்பவர் இனி அரைகுறையாகத்தான் கொடுப்பார், எப்படியும் நீங்கள் திருத்துவீர்கள் என்று.

5. நேத்து வரைக்கும் "மச்சி"ன்னு கூப்பிட்டவன் இன்னிக்கு என் டீம்ல இருக்கான். அதட்டவும் முடியலை, கேக்கவும் முடியலை.

மச்சி மச்சியாகவே இருக்கட்டும். வேலை கேட்க அதட்ட வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே நேராகப் பேசிவிடுங்கள்: "உன் ரேட்டிங்ல என் கை இருக்கு, லீவும் நான்தான் பார்க்கணும். அதனால சில விஷயம் முன்ன மாதிரி உன்கிட்டப் பேச முடியாது. மனசுல வச்சுக்காதே." அவருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருக்கும், சொன்னதும் லேசாகிவிடும். மேனேஜரைப் பற்றியும் மற்ற டீம்காரர்களைப் பற்றியும் அவரோடு புலம்புவதை அன்றே நிறுத்திவிடுங்கள். அந்தப் பதவிக்கு அவரும் ஆசைப்பட்டிருந்தால், அது தெரியாதது போல் நடக்காமல் நீங்களே பேச்சை எடுங்கள். அடுத்த வாய்ப்புக்கு அவர் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

6. டீம்ல ஒருத்தர் என்னைவிட இருபது வயசு பெரியவர். அவருக்கு நான் என்ன சொல்றது?

பீன்யாவில் எனக்கு வயது 25. என் ஷிப்டில் லேத் செட்டராக இருந்தவருக்கு 47. கோலார் தங்கவயல் தமிழர். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி வேலைக்கு வருவார். முதல் மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுதி வைத்த செட்டிங்கைப் பார்ப்பார், எதுவும் சொல்லாமல் தன் வழியில் செய்வார்.

ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் திடீரென்று நிறுத்தினார். ஏன் அண்ணா என்று கேட்டேன். பீஸைக் கழற்றி, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டி, என் கையில் கொடுத்தார். நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் அளவு ஒரு பிசிறு. "சத்தம் மாறிடுச்சும்மா, டூல் மழுங்குது" என்றார். எனக்கு எந்தச் சத்தமும் மாறியதாகத் தெரியவில்லை. அடுத்த பதினைந்து நாள் ஷிப்ட் முடிந்த பிறகு பத்து நிமிடம் அவர் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கப் பழகினேன். அதற்குப் பிறகு என் செட்டிங் தப்பாக இருந்தால் மெஷினில் போடுவதற்கு முன்பே வந்து சொல்லிவிடுவார்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அண்ணா, சார், எந்த அழைப்பு அவருக்குப் பழக்கமோ அதிலேயே கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்ததை அவரிடமே கேளுங்கள், ஒப்புக்குக் கேட்காமல் கற்றுக்கொள்ளவே கேளுங்கள். ஆனால் பெரியவர் என்பதற்காகத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், குறையைச் சொல்லாமலும் இருக்காதீர்கள். தனியாக, உட்கார வைத்துச் சொல்லுங்கள். நின்றுகொண்டு நாலு பேர் நடுவில் சொல்வதுதான் அவரைக் காயப்படுத்தும்.

7. டீம்ல பத்துப் பேர்ல நாலு பேர் நாங்க தமிழ். தமிழ்ல பேசினா மத்தவங்க முகம் மாறுது. அதுக்காகத் தமிழே பேசக்கூடாதா?

பேசலாம். ஊரைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி தாராளமாகப் பேசுங்கள். வேலையைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும், புரியாதவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் தெரிந்த மொழிக்கு மாறிவிடுங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தவறு.

என் டீமில் பாட்னாவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே, நானும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு மாட்யூலை, அதாவது சாஃப்ட்வேரின் ஒரு பகுதியை, இந்த ரிலீஸில் சேர்க்க வேண்டாம் என்று பேசி முடித்தோம். அவனும் கையில் டம்ளரோடு எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பேச்சு தமிழில் ஓடியதால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிவை மெயிலில் போட மறந்துவிட்டேன். சனிக்கிழமை முழுக்க ஆபீஸுக்கு வந்து அந்த மாட்யூலுக்கு டெஸ்ட் எழுதியிருக்கிறான். திங்கட்கிழமை விஷயம் தெரிந்ததும் கோபப்படவில்லை, "நான் அங்கேதான் மேடம் இருந்தேன்" என்று மட்டும் சொன்னான். அந்த வாக்கியம் இன்னும் என் மனதை அறுக்கிறது. அன்றிலிருந்து, எந்த மொழியில் பேசியிருந்தாலும் முடிவைப் பத்து நிமிடத்துக்குள் டீம் குரூப்பில் எழுதிவிடுவேன்.

இன்னொன்று, கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். இது கர்நாடகம், டீமில் கன்னடக்காரர்கள் இருப்பார்கள். செக்யூரிட்டி அண்ணனிடமும் ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடமும் "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கேட்டுப் பழகுங்கள். தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் தூரத்து மொழி அல்ல, ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிடும். வேற்று மொழிக்காரரை ஒதுக்காத லீடர் என்று உங்கள் டீம் நம்புவதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

8. ஒருத்தர் வேலையில குறை இருக்கு. மனசு நோகாம எப்படிச் சொல்றது?

ஆளைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பற்றிப் பேசுங்கள். "உங்களுக்குக் கவனமே இல்லை" என்றால் சண்டைதான் வரும். "செவ்வாய்க்கிழமை போன ரிப்போர்ட்ல மூணு பக்கத்துல போன மாச எண்ணு இருந்தது. கிளையன்ட் அதை வச்சு மீட்டிங் நடத்திட்டார். அனுப்பறதுக்கு முன்னாடி தேதியைச் சரிபார்க்க என்ன பண்ணலாம்?" என்றால் வேலை நடக்கும். பார்த்தது என்ன, அதனால் ஆனது என்ன, இனி வேண்டியது என்ன. இரண்டு நாளுக்குள், தனியாகச் சொல்லிவிடுங்கள்.

முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு, நடுவில் குறையை ஒளித்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கேட்பவர் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதைவிட மோசம், அடுத்த முறை நீங்கள் மனதாரப் பாராட்டும்போதும் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பயப்படுவார்.

9. எல்லார் முன்னாடியும் ஒருத்தரைக் கத்திட்டேன்கா. இப்ப என்ன செய்ய?

எல்லோர் முன்னாலும் கத்தினால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் போதாது, கத்தியதைப் பார்த்தவர்களும் பயந்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை மீட்டிங்கில் ஒரே வாக்கியம்: "நேத்து நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்கோங்க." 'ஆனா' என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம் வேண்டாம். வேலையில் இருந்த குறையை எட்டாவது பதிலில் சொன்னபடி வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

10. பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போகணும்கறாங்க. யாரை நிறுத்தறது?

டிசம்பரில் கேட்டால் சண்டைதான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. ஜனவரி 13 ரயிலுக்கு நவம்பர் 14 அன்று டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஆகவே நவம்பர் முதல் வாரத்திலேயே லீவைப் பேசி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு "உனக்கு லீவு இல்லை" என்று சொன்னால், எடுத்த டிக்கெட்டையும் பறிப்பதாக ஆகும்.

வருடம் முழுவதற்கும் ஒரே பட்டியலாகப் போடுங்கள்: பொங்கல், உகாதி, ஓணம், தீபாவளி, சட் பூஜை, ஈத், கிறிஸ்துமஸ். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள் விடுமுறை, நமக்கோ போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நாலு நாள் வேண்டும். வங்காளிக்குத் துர்கா பூஜையும் அப்படித்தான். யாருக்கு எது பெரிய பண்டிகை என்று அவர்களே குறிக்கட்டும். போன வருடம் நின்றவர் இந்த வருடம் போகட்டும். ஒரு பொங்கலுக்காவது நீங்கள் நின்று டீமை அனுப்புங்கள்.

11. டெட்லைன் தாண்டப் போகுது. மேலே சொன்னா ஆள் தர்றேன்னு சொல்வாங்க. வாங்கிக்கவா?

யோசித்து வாங்குங்கள். தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று, ஐ.பி.எம்.மில் மிகப் பெரிய மென்பொருள் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். புதியவருக்குச் சொல்லித்தர உங்களிடம் இருக்கும் நல்ல ஆளின் நேரம் போகும். தொடர்பும் பெருகும். 5 பேர் ஒருவரோடொருவர் பேச 10 ஜோடி, 8 பேர் என்றால் 28 ஜோடி. தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை இருந்தால் மட்டும் ஆளை வாங்குங்கள்.

ஆனால் தாமதமாகும் என்பதை இன்றே சொல்லுங்கள். மூன்றாவது பதிலில் எரிபொருளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்களே, மேனேஜர் முன்னால் நீங்கள் இப்போது அந்த இடத்தில் இருக்கிறீர்கள். பிரச்சனையோடு மட்டும் போகாமல் வழியோடு போங்கள்: இந்த இரண்டு வசதியை விட்டால் சொன்ன தேதிக்கு முடியும், எல்லாம் வேண்டுமென்றால் இரண்டு வாரம் கூடும், எனக்குச் சரியென்று படுவது இது.

12. தப்பு நடந்துட்டா மேலே யார் பேரைச் சொல்றது?

உங்கள் பெயரை. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் தோல்வியடைந்து வங்கக் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநராக இருந்தவர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் வெற்றி பெற்றதும் கலாமையே பேச அனுப்பினார். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் மேலிடம் வரை புகார் போகும் எஸ்கலேஷன் மெயில் வரும் நாளில் முதலில் மறந்துபோவதும் அதுதான். வெளியே உங்கள் பெயர் போகட்டும். உள்ளே டீமோடு உட்கார்ந்து, எது இந்தத் தவறை இவ்வளவு தூரம் வரவிட்டது என்று தேடுங்கள். செய்தவர் பெயர் மெயிலில் போனால், அடுத்த தவறை உங்களிடமிருந்து எல்லோரும் மறைப்பார்கள்.

13. அப்ரைசல்ல எல்லாருக்கும் நல்ல ரேட்டிங் தர முடியாது. நல்லா உழைச்சவன்கிட்ட எப்படிச் சொல்றது?

அப்ரைசல் அன்று அவர் கேட்பது எதுவும் புதிதாக இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, யார் என்ன செய்தார் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி வையுங்கள். இல்லையென்றால் கடைசி இரண்டு மாதம் மட்டும்தான் நினைவில் நிற்கும். ஏப்ரலில் ராத்திரி உட்கார்ந்து சர்வரைக் காப்பாற்றியவரை நீங்களே மறந்துவிடுவீர்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, மேலே போட்டுட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் எதற்காக வாதாடினீர்கள், எங்கே தோற்றீர்கள், அடுத்த முறை எந்த வேலை அவர் கையில் இருந்தால் வாதம் வலுக்கும் என்று சொல்லுங்கள். டீமில் தமிழர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நீங்கள் சலுகை காட்டுகிறீர்களா என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பயத்தில் தமிழ்ப் பையனுக்கு ஒரு படி குறைத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் அநியாயம்தான். வெள்ளிக்கிழமை எழுதிய வரிகள் இருந்தால் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கலாம்.

14. மெட்டர்னிட்டி லீவ் முடிஞ்சு வந்தவங்களுக்குச் சுலபமான வேலையாக் குடுத்தேன். கோவிச்சுக்கிட்டாங்க. நல்லதுதானே செஞ்சேன்?

அவரைக் கேட்டீர்களா? மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதை முடித்து வருபவரிடம் நீங்களாக முக்கியமான வேலையை எடுத்துவிட்டால், "உன் இடம் போயிடுச்சு" என்றுதான் அவருக்குக் கேட்கும். "பழைய மாட்யூலையே எடுத்துக்கறீங்களா, ஒரு மாசம் கழிச்சா? எத்தனை மணிக்குள்ள கிளம்பணும்?" என்று கேளுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த நேரத்தில் மீட்டிங் வைக்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

15. டீம்ல ஒரு பொண்ணு, ஒரு சீனியர் தொந்தரவு பண்றார்னு சொல்றா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் சொல்றா. நான் அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கட்டுமா?

வேண்டாம். நீங்கள் விசாரிக்கவும் கூடாது, சமாதானம் பேசி முடிக்கவும் கூடாது. நம்பி வந்து சொன்னதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். குறுக்கே பேசாமல், "அவர் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்" என்று சொல்லாமல், முழுதாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனியின் புகார்க் கமிட்டியைத் தவிர வேறு யாரிடமும் பேச மாட்டேன், உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று சொல்லலாம்.

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவரும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை எழுத்தில், கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இட மாற்றமோ விடுப்போ வேண்டுமென்று அவர் எழுதிக் கேட்கலாம். விவரங்களை வெளியே விடுவது குற்றம்.

இந்த விவரங்களை அவரிடம் சொல்லுங்கள், எழுத உதவி வேண்டுமா என்று கேளுங்கள். தேதி, நேரம், மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கையில் இருப்பதை அன்றே செய்யுங்கள்: அந்த ஆளோடு அவர் தனியாக வேலை செய்ய வேண்டிய நிலை வராமல் வேலையை மாற்றுங்கள், ஆனால் அவருடைய நல்ல வேலையைப் பறித்து மாற்றாதீர்கள்.

16. என் டீம்ல இருந்த நல்ல ஆள் பேப்பர் போட்டுட்டான். முந்தின நாள் வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலை.

போகாதே, சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்று கவுண்டர் ஆஃபர் பேசுவதற்கு முன் இரண்டாவது பதிலைப் படியுங்கள். அவரோடு கடைசியாகத் தனியாக உட்கார்ந்து எத்தனை வாரம் ஆயிற்று? நோட்டீஸ் பீரியடில் அவரைத் தண்டிக்காதீர்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி வாரத்தில் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, "நான் எப்பக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க?" என்று கேளுங்கள்.

17. ஒரு வருஷம் ஆச்சு அக்கா. எனக்கு இது பிடிக்கவே இல்லை. திரும்பி கோட் எழுதப் போனா தோத்துட்டேன்னு ஆகாதா?

ஆகாது. பல நிறுவனங்களில் ஆளை நிர்வகிக்காமலே மேலே போகத் தொழில்நுட்பப் பக்கம் தனிப் படிகள் இருக்கின்றன. சம்பளம் குறையுமா என்று ஹெச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள். ஆனால் பிடிக்காதது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மீட்டிங்கும் மெயிலும் மட்டும் சலிப்பு என்றால் நாலாவது பதிலைப் படித்து வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள், ஆறு மாதம் பொறுங்கள். மனிதர்களின் பிரச்சனையைக் கேட்பதே பாரமாக இருக்கிறது, அன்றைக்கு ஒருவர் மனம் திறந்து பேசினாலும் உங்களுக்கு அசதிதான் மிஞ்சுகிறது என்றால், திரும்பிப் போவதே உங்களுக்கும் டீமுக்கும் நல்லது.

ஒயிட்ஃபீல்டில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படித்தான் மூன்று வருடம் லீடாக இருந்துவிட்டுத் திரும்பினான். இப்போது நிம்மதியாக இருக்கிறான், அவன் வேலையும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. போன மாதம் அவனுடைய புது லீட் எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண். "அக்கா, டீம்ல என்னைவிட ரொம்ப சீனியர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட எப்படிப் பேசறது?" என்று கேட்டாள். ஆறாவது பதிலை அனுப்பி வைத்தேன்.